ஓடுபாதைத் திணை: வேலியோரப் பேச்சு குறித்த ஓர் ஆய்வு

விமானத்தைப் படம் பிடிக்கிறவர்களைப் பற்றி இதுவரை கருத்துச் சொன்னவர்கள் எல்லோரும் விமானத்தைப் பார்த்தே ஏமாந்தவர்கள். ஆங்கிலத்தில் ஸ்பாட்டர் என்று வழங்கும் இந்த வகுப்பாரை, வசதி கருதி, இக்கட்டுரை நோக்கர் என்று குறிக்கும். நோக்கர் என்பவர் விமான நிலையத்து வேலியோரம் மணிக்கணக்காக நின்று, ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு, படமெடுத்து, அந்தப் படத்தைத் தம் இனத்தாருக்குக் காட்டுகிறவர். காட்டியதும் பேச்சு தொடங்கும். முதல் இரண்டு வார்த்தை விமானத்தைப் பற்றி. அடுத்தது அன்றைய மழையைப் பற்றி. கொஞ்ச நேரத்தில் யாருடைய மூட்டுவலியோ, யார் வீட்டுப் பிள்ளையின் பரீட்சையோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டார்கள் என்று இதைக் கண்டிக்கிற கடுமையான ஆட்கள் உண்டு. அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் பொருள்களும் கருப்பொருள். மாந்தர் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்பது உரையாசிரியர் கொள்கை. அதன்படி ஓடுபாதை முதற்பொருள், விமானம் கருப்பொருள். உரிப்பொருள் மூட்டுவலி. இக்கட்டுரையின் துணிபு இவ்வளவுதான், மற்றதெல்லாம் சான்று.

திணைக்கு நிலம் வேண்டும். லண்டன் ஹீத்ரோ நிலையத்தின் தெற்கு ஓடுபாதை கிழக்கே முடிகிற இடத்துக்கு அருகில், மிர்ட்டில் அவென்யூ என்ற சாதாரணக் குடியிருப்புத் தெருவின் கோடியில், ஒரு சிறிய புல்திட்டு இருக்கிறது. நோக்கர் உலகில் அதற்குள்ள மதிப்பு, குறிஞ்சிக்குச் சுனை போல. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். லண்டனில் மேல்காற்றே மிகுதி. ஆகவே பெரும்பாலான நாட்களில் அவை கிழக்கிலிருந்து வந்து அந்தப் புல்திட்டின் தலைக்கு மேலாகத் தாழ்ந்து ஓடுபாதையைத் தொடும். பொழுதுக்கும் குறைவில்லை. மேல்காற்று நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையும் ஏறும் ஓடுபாதையும் இடம் மாற்றிக்கொள்ளும். சுற்றுப்புறத்து வீடுகளுக்கு ஒரு வேளையாவது இரைச்சல் ஓயட்டும் என்று செய்த ஏற்பாடு அது. மாலை, யாமம், வைகறை என்று நம் முன்னோர் இயற்கையிடமிருந்து எடுத்துக்கொண்ட சிறுபொழுதை இங்கே ஒரு நிர்வாக ஆணை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கீழ்காற்று அடித்தாலோ கதை வேறு. இறங்குமுகம் மறுபக்கத்துக்குப் போய்விட, புல்திட்டில் நிற்பவர் தலைக்கு மேல் இறங்குவது எதுவுமின்றி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தலைவன் வேறு வழியாக ஊருக்குள் போய்விட்டான் என்று தெரிந்தும் தலைவி வாசலை விட்டு நகராத நிலை அது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர் வீட்டுக்குப் போவதில்லை. ஃபிளாஸ்கைத் திறக்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு வாய் ஊற்றுகிறார். இறங்கும் விமானமே இல்லாத வேளையிலும் திணை நடக்கிறது என்பதற்கு இது முதற்சான்று.

இனிக் கருப்பொருள். போயிங் 737 வரிசையும் ஏர்பஸ் 320 வரிசையும் தனித்தனியே 11,000க்கு மேல் செய்யப்பட்டவை. ஒரே நிறுவனத்தின் ஒரே வகை விமானம் இரண்டை அடுத்தடுத்து நிறுத்தினால், பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. வால்பக்கத்தில் எழுதிய பதிவெண்தான் வேற்றுமை. இந்தியாவினது விடி என்று தொடங்கும், இலங்கையினது 4ஆர், சிங்கப்பூரினது 9வி. போதாக்குறைக்கு, படத் தொகுப்புகளை நடத்துகிற நோக்கர்கள் கடுமையான விதிகளை வைத்திருக்கிறார்கள். விமானம் சட்டத்தின் நட்டநடுவே இருக்க வேண்டும், அடிவானம் சாயக் கூடாது, வெயில் பின்னாலிருந்து வர வேண்டும், தார்த் தரையின் கானல் சக்கரத்தைக் கலக்கக் கூடாது, லென்ஸில் ஒட்டிய தூசு வானத்தில் புள்ளியாகத் தெரியக் கூடாது. இத்தனைக்கும் உட்பட்டுத் தேறி வரும் ஒரு படம், நேற்றுத் தேறி வந்த படத்தைப் போலவே இருக்கும். இருந்தாக வேண்டும், அதுதான் விதி. எனவே அந்தப் படம் சொல்லும் புதுச்செய்தி ஏறக்குறைய ஒன்றுமில்லை. செய்தியே இல்லாத ஒன்றை ஒருவர் தினந்தோறும் இன்னொருவரிடம் நீட்டுகிறார், அவரும் மகிழ்ந்து வாங்கிக்கொள்கிறார் என்றால், அதற்குப் பெயர் என்ன? தமிழ் வீட்டில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வி கடினமில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறவருக்கு நம் இரைப்பையின் நிலவரம் தேவையில்லை. பையும் கையுமாகச் சந்தைக்குப் போகிறவரைப் பார்த்து, "என்ன, சந்தைக்கா?" என்று கேட்பதும் அறிவுத் தேட்டம் அன்று. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தவர். இப்படிச் செய்தி சொல்லாமல் உறவை மட்டும் கட்டுகிற பேச்சுக்கு 1923இல் ஒரு கலைச்சொல்லே உண்டாக்கினார். அதற்காக அவர் அவ்வளவு தூரம் கப்பலேறியிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். விமானப் படம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது தட்டில் வைத்து நீட்டுகிற வெற்றிலை. வெற்றிலையின் நரம்பை எண்ணிக்கொண்டிருப்பவன் வந்த காரியத்தை விட்டவன்.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: நோக்கர்கள் விமானத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாகச் சண்டை போடுகிறார்கள் தெரியுமா, எஞ்சின் வகைக்கும் தொடர் எண்ணுக்கும் இறக்கை நுனியின் வளைவுக்கும் இரவு முழுக்க வாதாடுகிறார்களே, அதுவும் வெற்றிலைதானா? ஆம். மார்கழியில் சபா கேன்டீனில் காபி குடித்துக்கொண்டே, உள்ளே பாடியது இந்த ராகமா அதன் அக்காள் மகளா என்று இரண்டு ரசிகர்கள் முட்டிக்கொள்வதைச் சென்னை அறியும். உள்ளே தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருக்கும். எழுந்து போகமாட்டார்கள். அகத்திணை இதற்கும் இடம் வைத்திருக்கிறது. ஊடல் என்று பெயர். ஏர்பஸ்காரருக்கும் போயிங்காரருக்கும் நடப்பது ஊடல்தான், பகை இல்லை என்பதற்கு அடையாளம், மறுநாள் இருவரும் அதே வேலியில் அதே அலுமினிய ஏணியைப் பகிர்ந்துகொள்வார்கள். அடிவானம் கடுகளவு சாய்ந்திருக்கிறது என்று படம் திரும்பி வரும்போது எழுகிற ஊடல் மட்டும் சற்று நீளும். அதைத் தணிக்க வாயில் வேண்டும். மூன்றாவது நோக்கர் ஒருவர் தூது போவார்.

ஐந்து உரிப்பொருளில் இந்தத் திணை மிகச் செழித்திருப்பது இரங்கலில். 1969 பிப்ரவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்த போயிங் 747, மொத்தம் 1,574 செய்யப்பட்டபின், 2023 ஜனவரி 31 அன்று கடைசி ஒன்று ஒப்படைக்கப்பட்டதோடு முடிந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னிடமிருந்த 747களைக் கொரோனா காலத்தில் ஓய்வுக்கு அனுப்பியது. ஹீத்ரோவிலிருந்து அதன் கடைசி இரண்டும் 2020 அக்டோபர் 8 அன்று மழை மூட்டத்துக்குள் ஏறி மறைந்தன. இரங்கலுக்குரிய நெய்தல் பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இரங்கலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், "அந்த விமானம்" என்று தொடங்குகிற வாக்கியம், "அப்போது எங்கள் அப்பா இருந்தார்" என்று முடிகிறது. நாலு எஞ்சின் உருவம் வெறும் ஆணி. மாட்டப்படுவது அவரவர் வயது. அன்று போன இரண்டில் ஒன்றான ஜி-சிஐவிபி, காட்ஸ்வோல்ட் விமான நிலையத்தில் போய் இறங்கியது. அந்நிலையம் அதை ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியது. பிறகு உள்ளே இருக்கைகளைக் கழற்றி, விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் கூடமாக்கினார்கள். இந்த ஆய்வுக்கு இதைவிடத் தூய்மையான சோதனை ஒன்றை எவரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது. விமானத்திலிருந்து பறத்தலைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று பார்த்தார்கள். பத்துப் பேர் கூடி நின்று பேசும் இடம் மிஞ்சியது.

இரண்டாவது மறுப்பு வரலாற்றுக்காரர்களுடையது. விமானத்தை அடையாளம் காணும் பழக்கம் பிரிட்டனில் பரவியது இரண்டாம் உலகப் போரின்போது. வருவது நம்முடையதா பகைவருடையதா என்று நிழலுருவைக் கண்டே சொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1941இல் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது. ஆகவே வேர் பயனில் இருக்கிறது, அரட்டையில் இல்லை என்பார்கள். வேர் எதுவாக இருந்தால் என்ன? தினைப்புனம் காப்பதும் பயனுள்ள வேலைதான். கிளி ஓட்டத்தான் தலைவியைப் பரண்மேல் ஏற்றினார்கள். பிறகு அங்கே நடந்ததைக் கிளியின் கணக்கில் எழுதிய புலவர் எவருமில்லை. கண்காணிப்புச் சாவடியிலும் பகை விமானம் வருகிற நேரத்தைவிட வராத நேரமே அதிகமாக இருந்திருக்கும். இரண்டு பேரை ஒரு சாவடியில் வைத்து இரவு முழுக்க வானத்தைப் பார்க்கச் சொன்னால் அவர்கள் வானத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்று நம்புகிறவர் இரவுக்காவல் எதையும் அறியாதவர். போர் முடிந்தபின் பகை விமானம் நின்றது, பார்க்கிற பழக்கம் நிற்கவில்லை. பயனே காரணமென்றால் அதுவும் சேர்ந்து ஓய்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறை, சந்தேகத்துக்கு ஆளானவர்களை விசாரணை எதுவுமின்றிப் பிடித்து, தனி விமானங்களில் நாடு விட்டு நாடு கொண்டுபோனது. அந்த விமானங்களைப் பத்திரிகையாளர்கள் தடம் பிடித்ததில் நோக்கர்களின் படங்களுக்கும் பங்குண்டு. என்379பி என்ற பதிவெண் கொண்ட கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அவற்றில் பேர்பெற்றது. ஒரு வல்லரசின் ரகசியத்தை அவிழ்க்க உதவிய படத்தை வெற்றிலை என்று சொல்லலாமா? நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளை ஜெட்டைப் படமெடுத்தவர் அதற்குள் யார் இருந்தார் என்று தெரிந்து எடுக்கவில்லை. அழகு என்றும் எடுத்திருக்க முடியாது; அந்த மாதிரி ஜெட் எங்கும் உண்டு. வந்தது, எடுத்தார். பயன் கருதுகிறவர் தேர்ந்தெடுத்துத்தான் எடுப்பார்; அவருடைய சல்லடையில் இது கீழே விழுந்திருக்கும். நாளைக்கு நண்பரிடம் பேச ஏதாவது ஒன்று வேண்டும் என்று வந்ததையெல்லாம் எடுத்தவரின் பெட்டியில்தான் சாட்சி தங்கியது. உளவுத்துறைகள் தந்திரசாலிகளுக்கு எதிராகத் தம்மைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவை. பேச்சுத்துணை தேடி வேலியில் நிற்பவரை அவை கணக்கில் வைத்திருக்கவில்லை.

அரசுகளுக்கு இந்தத் திணை புரியாமல் போனதன் விளைவு 2001 நவம்பரில் கிரீஸின் கலமாட்டாவில் தெரிந்தது. விமானப்படைத் தளத்துக்குச் சென்ற 12 பிரிட்டானியரும் 2 டச்சுக்காரரும் உளவு பார்த்ததாகக் கைதானார்கள். குறிப்பேட்டில் வரிசை வரிசையாக எண்கள், எதற்கு என்று கேட்டால், "சும்மா." உலகில் எந்தக் காவல்துறையும் ஏற்றுக்கொள்ளாத விடை அது. 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்றாண்டும் மற்றவர்களுக்கு ஓராண்டும் தண்டனை விதித்தார்கள்; அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். பொருந்தாக் கூட்டத்துக்கு இலக்கணத்தில் பெருந்திணை என்று பெயர். குறிப்பேடும் நீதிமன்றமும் சேர்ந்தது அந்த வகை. அரசுத் தரப்பு எண்களைப் படித்ததற்குப் பதிலாக ஃபிளாஸ்கை முகர்ந்து பார்த்திருந்தால் வழக்கு ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும். இந்தியாவுக்கும் சிரிக்க இடமில்லை. 1937இன் வானூர்தி விதிகளில் 13ஆம் விதி, அனுமதியின்றி விமான நிலையத்தில் படமெடுப்பதைத் தடுக்க எழுதப்பட்டது. அதனால் நம்மூரில் நோக்கருக்கு மொட்டைமாடியே நிலம்.

இன்று எந்த விமானம் எங்கே பறக்கிறது என்பதைக் கைபேசியே காட்டுகிறது. விமானமே தன் இருப்பிடத்தை வானொலியில் விடாமல் சொல்லிக்கொண்டு போவதால், வேலிக்குப் போகாமலே பதிவெண் தெரிந்துவிடும். தகவலுக்காகப் போனவர்கள் என்றால் வேலி இதற்குள் காலியாகியிருக்க வேண்டும். காலியாகவில்லை, எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிவதால் தேநீர் சூடாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு வகையினர். படமெடுப்பார்கள், எவருக்கும் காட்டமாட்டார்கள், எவரோடும் பேசமாட்டார்கள். உரிப்பொருள் இல்லாமல் பாட்டு இல்லை என்ற நம் கொள்கை இவர்களிடம் இடறுகிறது. இலக்கணம் இவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது, கைக்கிளை. ஒருபக்கக் காதல், மறுமொழி வராது; எழுபது டன் உலோகம் என்ன சொல்லும்? ஆனாலும் எப்போதாவது, விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது, விமானி கண்ணாடி வழியாக வேலிப் பக்கம் பார்த்துக் கை அசைத்துவிடுகிறார். கைக்கிளை அந்த இடத்திலேயே கெட்டுவிடுகிறது. அன்று ராத்திரி அந்த நோக்கர் யாரிடமாவது அதைச் சொல்லியாக வேண்டும், சொல்லும்போது, கேட்கிறவர் எப்படியும், "அங்கே மழையா?" என்பார்.