ஐந்து சென்ட் இடைவெளி

டல்லாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

“சுவர் நன்றாகத்தானே இருக்கிறது, அதன் மேல் எதற்குப் பலகை?” என்று போனில் கேட்டீர்கள். போனிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் “இந்தா, அம்மாவிடம் பேசு” என்று கொடுத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. இங்கே சுவர் என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். இரண்டுக்கு நாலு என்று பெயர் வைத்த மரக்கட்டைகளைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, அதன் மேல் அரை அங்குல ஜிப்சம் அட்டையை அடித்து, சந்துகளில் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டு அதைச் சுவர் என்கிறார்கள். அந்த இரண்டுக்கு நாலை டேப் வைத்து அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான். அறுத்தபோது இருந்தது, காய்ந்து இழைத்தபின் குறைந்துவிட்டது என்பது விளக்கம். இதே விளக்கத்தை நம் ரேஷன் கடையில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். நம் வீட்டில் ஆணி அடித்தால் ஆணி வளையும். இங்கே அடித்தால், கட்டை இல்லாத இடமாக இருந்தால், ஆணி உள்ளே போய் விழும். கட்டை எங்கே இருக்கிறது என்று சுவரைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க ஒரு கருவியே விற்கிறார்கள். நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய ஒன்றைச் சுவர் என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வருமா?

இனி பலகை. ஷிப்லாப் என்று பெயர். பலகையின் ஒரு விளிம்பில் முன்பக்கமும் மறு விளிம்பில் பின்பக்கமும் படி வெட்டியிருப்பார்கள். மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் கவிந்து உட்காரும். மழைத்தண்ணீர் உள்ளே புகாமல் வழிந்துவிடும். கொட்டகைக்கும் களஞ்சியத்துக்கும் வெளியே அடிக்க ஏற்பட்ட பலகை அது. டெக்ஸாஸின் பழைய வீடுகளில் உள்ளேயும் பலகை அடித்தார்கள், ஆனால் அழகுக்காக இல்லை. வீட்டின் சட்டம் ஆடாமல் நிற்பதற்காக. அடித்த கையோடு அதன் மேல் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, வால்பேப்பர் ஒட்டி மறைத்தும் விட்டார்கள். பிறகு ஜிப்சம் அட்டை வந்தது, பலகை போயிற்று. 2013-ல் ‘ஃபிக்ஸர் அப்பர்’ என்ற டிவி நிகழ்ச்சி தொடங்கியது. இங்கிருந்து ஆஸ்டின் போகும் வழியில் இருக்கும் வேக்கோ ஊரின் சிப் கெயின்ஸ், ஜோவானா கெயின்ஸ் தம்பதி, பழைய வீடுகளைப் பிரித்து, உள்ளே ஒளிந்திருந்த பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே சொக்கிப்போனது. இப்போது நேற்றுக் கட்டிய வீட்டிலும், ஜிப்சம் அட்டையின் மேல், புதுப் பலகையை வாங்கி அடிக்கிறார்கள். பனியனைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போலத்தான். ஆனால் எல்லோரும் அப்படியே வந்தால் அதுதானே மரியாதை!

இதில் விலை பலகைக்கு என்று நினைக்காதீர்கள். இடைவெளிக்கு. இரண்டு பலகைகளுக்கு நடுவே ஐந்து சென்ட் காசின் கனத்துக்கு இடம் விட வேண்டும். அந்தக் காசுக்குப் பெயர் நிக்கல், அதனால் இதற்குப் பெயர் ‘நிக்கல் கேப்’. காசின் கனம் 1.95 மில்லிமீட்டர். படி வெட்டிய பலகையில் இந்த இடைவெளி தானாகவே அமைவது உண்டு. சாதாப் பலகை வாங்கி மிச்சம் பிடிப்பவர்கள் நிஜமாகவே காசைச் செருகி, ஆணி அடித்து, காசை உருவி, அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகிறார்கள். ஐந்து சென்ட்டுக்கு இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் உருப்படியான வேலை இதுதான். சாதாப் பலகையில் இடுக்கு வழியே பின்னால் இருப்பது தெரியும். ஆகவே யாரும் பார்க்கப்போகாத பின்சுவருக்கு முதலில் பெயின்ட். பிறகு பலகைக்குப் பெயின்ட் அடித்தால் அது வழிந்து இடுக்கை அடைக்கும். ஆகவே காய்வதற்குள் மெல்லிய தகட்டால் வழித்து எடுக்க வேண்டும். மரம் ஈரத்துக்கு உப்பி, வறட்சிக்குச் சுருங்கும். ஆகவே பலகைகளை முன்கூட்டியே அறைக்குள் கொண்டுவந்து சில நாள் கிடத்த வேண்டும், முகூர்த்தத்துக்கு முன்பே வந்து தங்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி. பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரச் சுவர் ஒன்றைக் கணக்குப் போட்டேன். ஒரு பலகை ஐந்து அங்குலம் மறைத்தால் பத்தொன்பது வரிசை, பதினெட்டு இடைவெளி. எல்லா இடைவெளியையும் சேர்த்தால் மூன்றரை சென்டிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் ஒன்றுமில்லாததற்காகத்தான் மற்ற அத்தனையும்.

“ஆள் வைத்துச் செய்தால் என்ன, இதற்குத்தான் இன்ஜினீயரிங் படிக்க வைத்தேனா?” என்பீர்கள். இங்கே மரத்தின் விலையைக் கூலி சுலபமாகத் தாண்டிவிடும். அதனால்தான் சனிக்கிழமையானால் வக்கீலும் டாக்டரும் ரம்பம் தூக்குகிறார்கள். “அடித்துத் தள்ள வேண்டியதுதானே” என்றால், அதுவும் இல்லை. பத்துக் கட்டை, கட்டைக்கு இரண்டு ஆணி, பத்தொன்பது வரிசை: முந்நூற்று எண்பது ஆணித் துளை. அத்தனையையும் மக்கு வைத்து, தேய்த்து, ஆணியே அடிக்காதது போல ஆக்க வேண்டும். முக்கால் அங்குலப் பலகை ஏறியதும் சுவிட்ச் பெட்டி குழிக்குள் போய்விடும். மரச்சுவரில் பெட்டியின் வாய் சுவரோடு சமமாக நிற்க வேண்டும் என்பது மின்சார விதி, எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு நீட்டிப்பு வளையம். “மொத்தத்தில் பொய்தானே இது?” என்பது உங்கள் கடைசி அம்பாக இருக்கும். பொய்தான். ஆனால் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுவிட்டு, அந்தத் தளத்தின் மேல் மறுபடி ஓடு பதிப்பவர்கள் நம் தெருவிலேயே இல்லையா? காரைக்குடியில் பிரித்து விற்ற தூண்கள் எந்தெந்த ஓட்டல் வாசலிலோ எதையும் தாங்காமல் நிற்கவில்லையா? வீடு எப்படி நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அது மறைந்தபின் அதன் அடையாளத்தையாவது ஒட்டிவைத்துக்கொள்ள எல்லா ஊர்க்காரருக்கும் ஆசைதான். அவர்கள் பலகையை ஒட்டுகிறார்கள், நாம் ஓட்டை.

அடையாளத்தோடு ஒரு நிஜமும் ஒட்டிக்கொண்டு வருகிறது, என் கட்சிக்கு அதுவே பலம். கட்டையில் ஆணி அறைந்த முக்கால் அங்குலப் பலகை எந்த இடத்திலும் ஆணியைப் பிடிக்கும். தடவிப் பார்க்க வேண்டாம். தாத்தா படம் இந்த வீட்டில் இன்னும் அலமாரியில் சாய்ந்துதான் இருக்கிறது. தேக்குச் சட்டமும் கண்ணாடியுமாக அந்தக் கனத்தை அட்டையை நம்பி மாட்ட முடியாது. கட்டையை நம்பி மாட்டினால் நடுவிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி, யாரோ விருந்தாளி போல நிற்பார். நம் கூடத்தில் அவர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறார் என்று டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். நிஜ அடியில் சொல்லுங்கள், இவர்கள் அடியில் வேண்டாம்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பலகையில் தூசி தங்குமே என்பாள். தங்கும், பதினெட்டு வரிசையாக.