சிக்கனச் சிந்தாமணி

“ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து தஞ்சாவூர் போயிட்டு வரணும்டா” என்று சொல்கிறவர்கள் எந்த நண்பர் கூட்டத்திலும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களால் தஞ்சாவூருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் போகவே மாட்டார்கள். 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். டீ குடித்து முடித்ததும் அந்த எழுச்சி அடங்கிவிட்டது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் டீக்காசு கொடுக்கும்போது எதுவும் பேசாமல் இருப்பான். அன்று இரவே கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் கட்டத்தில் ‘டீ – 8 பேர்’ என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் ‘தஞ்சாவூர்’ என்று போடுவான். அவன்தான் சிக்கனச் சிந்தாமணி.

இவனைக் கஞ்சன் என்று நினைப்பது தவறு. கஞ்சன் வீட்டை விட்டே கிளம்ப மாட்டான். சிந்தாமணிக்கு ஊர் சுற்ற வேண்டும், கோயில் பார்க்க வேண்டும், பழைய கல்லைத் தொட வேண்டும், அந்தந்த ஊர்ப் பலகாரத்தை அந்தந்த ஊரில் நின்று தின்ன வேண்டும். இவை எல்லாவற்றையும் அடுத்தவன் கொடுத்த விலையைவிடப் பத்து ரூபாயாவது குறைவாகக் கொடுத்துச் செய்தால்தான் அவனுக்குச் செரிக்கும். அவன் பையில் மாற்றுத் துணி இருக்கிறதோ இல்லையோ, எக்ஸ்டென்ஷன் போர்டு கட்டாயம் இருக்கும். “லாட்ஜ்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கும் மச்சி, அதுவும் ஆடும்.” இது அனுபவ ஞானம், மறுத்துப் பேச முடியாது.

ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே அவன் முறை தனி. ஒருவன் ஹம்பி என்பான், ஒருத்தி டில்லி என்பாள், போன மாதம்தான் பாஸ்போர்ட் வாங்கிய ஒருவன் கூச்சமே இல்லாமல் ரோம் என்பான். சிந்தாமணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். “சரி, பக்கத்துல மாமல்லபுரம்?” என்று யாராவது இறங்கி வந்தால், அதற்கும் பதில் தயார்.

“அங்க ஆளுக்கு 40 ரூபா டிக்கெட். எட்டுப் பேருக்கு 320. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-ல முடிஞ்சது, 1987-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துருச்சு, இன்னைக்கு வரைக்கும் உள்ள போக டிக்கெட் கிடையாது. ஆயிரம் வருஷம், ஜீரோ ரூபா. உலகத்துல எவன்டா தருவான்?”

நினைவுச் சின்னங்களை அவன் அளப்பது இந்த அளவுகோலால்தான்: ரூபாய்க்கு எத்தனை வருஷப் பழமை. ஏப்ரல் 18 உலக மரபுச் சின்னங்கள் நாள் என்பதும், அன்று தொல்லியல் துறை தன் கட்டணச் சின்னங்களையும் இலவசமாகத் திறந்துவிடுவது வழக்கம் என்பதும் அவனுக்கு மனப்பாடம். மனைவி பிறந்த நாளைப் பற்றி அவனிடம் கேட்காதீர்கள்.

தேதி வைப்பது அடுத்த படலம். ஐப்பசி சதயத்தன்று போனால் இராஜராஜனுக்கு விழா எடுப்பார்களே, பார்க்கலாமே என்று ஓர் ஆர்வலர் கிளம்புவார். “அன்னைக்கு லாட்ஜ்காரனும் விழா எடுப்பான்” என்று ஒரே வரியில் அதை முடித்துவிடுவான். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு அது 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் முதல் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஊரே முணுமுணுத்தபோது மகிழ்ந்தவன் சிந்தாமணி ஒருவன்தான். “நம்ம பசங்க வாக்கு 120 நாள் தாங்காதுன்னு ரயில்வேக்கே தெரிஞ்சுபோச்சுடா.”

60 நாளும் தாங்குவதில்லை என்பது வேறு விஷயம். வாட்ஸ்அப் குழுவில் ‘வர்றவங்க பேரு, வயசு, ஆதார்ல இருக்கிற ஸ்பெல்லிங்’ என்று அவன் கேட்டதும் குழு காடு போல அமைதியாகிவிடும். ஒருவர் கட்டைவிரலைக் காட்டுவார். அது ‘வருகிறேன்’ என்பதா ‘படித்தேன்’ என்பதா என்று கடவுளுக்கும் தெரியாது. இன்னொருவர் “பாத்துட்டு சொல்றேன்” என்பார். எதைப் பார்ப்பார், யாரிடம் சொல்வார் என்ற விவரம் வராது. கடைசியில் சிந்தாமணியே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அதட்டி, கெஞ்சி, சிலருடைய வீட்டுக்காரம்மாவிடம் நேரடியாக அனுமதி வாங்கி, ஸ்லீப்பர் வகுப்பில் டிக்கெட் போடுவான். ஏசி வேண்டும் என்று இழுப்பவரிடம், “ஜன்னலத் திறந்தா வர்றது என்ன, ஹீட்டர் காத்தா?” என்பான்.

அவன் முழுத்திறமையும் வெளிப்படுவது லாட்ஜ் பேச்சுவார்த்தையில்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவான், நாம் கற்றுக்கொள்ளட்டும் என்று.

“சார், டபுள் ரூம் எவ்ளோ?”

“எத்தனை பேரு சார்?”

“ரெண்டு பேருதான் சார். கூட ஃப்ரெண்ட்ஸ் கொஞ்சம் பேரு பாக்க வருவாங்க.”

“எப்பப் போவாங்க?”

“காலையில.”

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே வராது. தஞ்சாவூர் லாட்ஜ்காரர்கள் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருப்பார்கள் போலும்.

சில சமயம் ரூமே வேண்டாம் என்ற முடிவுக்கும் வந்துவிடுவான். ராத்திரி ரயிலில் தூங்குகிறோம், விடியற்காலை இறங்குகிறோம், ஸ்டேஷனிலேயே பல் தேய்த்துக் குளித்துவிட்டால் அன்று இரவே திரும்பிவிடலாம், அப்புறம் ரூம் எதற்கு என்பது அவன் வாதம். தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. இடுப்பில்தான் பிடிப்பு.

பெரிய கோயிலுக்குள் காலையிலேயே நுழைந்துவிட வேண்டும் என்பதில் அவன் கறாராக இருப்பான். அதில் நியாயமும் உண்டு. மதியம் சன்னிதி சாத்திவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துக் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பது தீமிதிதான். எல்லாரையும் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுவரச் சொல்லியிருப்பான். அப்போது சிரித்தவர்கள் பத்தரை மணிக்கு மேல் அவனிடம் உபரி ஜோடி இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கும்.

கைடு வைத்துக்கொள்வது அவன் கொள்கைக்கு விரோதம். ஆனால் கைடு சொல்வதைக் கேட்பதற்கு விரோதமில்லை. வேறொரு குடும்பம் காசு கொடுத்து அழைத்துவரும் கைடுக்கு நாலடி தள்ளி, துவாரபாலகர் சிலையைத் தீவிரமாக ஆராய்வது போல நின்றுகொள்வான். அவர் நகர்ந்தால் இவனும் நகர்வான், இவன் பின்னால் நாமும் நகர வேண்டும். “இந்த 216 அடி விமானத்தோட நிழல் தரையில விழவே விழாதுங்க” என்று அந்த கைடு உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த நிழலில்தான் நம் குழு உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு அவனை வெறும் கணக்குப்பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தால், அவனைக் கல்வெட்டுகளுக்கு முன்னால் பார்க்க வேண்டும். மற்றவர்கள் விமானத்தின் உச்சியைத் தங்கள் செல்ஃபிக்குள் அடக்கப் படாதபாடு படுவார்கள். இவன் கீழே, அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருப்பான். சோழர் கால எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் குடவாயில் பாலசுப்ரமணியனின் ‘இராஜராஜேச்சரம்’ நூலை நூலகத்தில் எடுத்துப் படித்திருப்பான் (வாங்கியிருப்பான் என்று நினைத்தீர்களா?). அந்தச் சுவர் அவனுக்கு ஒரு சொந்தக்காரர் வீடு.

“இது என்னன்னு நெனைக்கிற? கணக்குடா! ராஜராஜன் கொடுத்தது, அவங்க அக்கா குந்தவை கொடுத்தது, ராணிங்க, அதிகாரிங்க கொடுத்தது, எல்லாம் எழுதியிருக்கு. தங்கத்த நிறுக்க ஒரு கல்லு, அதுக்கு ஆடவல்லான்னு பேரு. நகைக்கு வேற கல்லு. நகை எடை போட்டா அதுல சரடு சேருமா சேராதா, அரக்கு சேருமா சேராதா, அதையும் எழுதியிருக்கான். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு நான் கேட்டா மட்டும் கேவலமாப் பாக்குறீங்க!”

உண்மையில் அவன் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பது கல்லில் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் இருக்கிறது. தச்சர், தையல்காரர், நாவிதர் எல்லாருக்கும் பங்கு பிரித்திருக்கிறார்கள். சம்பளப் பட்டியல் போடும் எந்த அலுவலகமும் இதைவிடத் தெளிவாகப் போட்டுவிட முடியாது.

அவனை மிகவும் கவர்ந்தது விளக்குக் கணக்கு. ஒரு நந்தா விளக்குக்குத் தினம் ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். ஆடு இல்லையென்றால் 48 பசு. பசுவும் இல்லையென்றால் 16 எருமை. அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாது, கிழடாகாது என்று அர்த்தமில்லை. ஒன்று செத்தால் குட்டியில் ஒன்றைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், விளக்கு அணையக் கூடாது என்ற ஏற்பாடு.

இதைப் படித்த நாளிலிருந்து சிந்தாமணி நண்பர்களையும் இந்த முறையில்தான் நிர்வகிக்கிறான். யாராவது கடைசி நேரத்தில் “மச்சி, மாமனார் வர்றாரு” என்று கழன்றுகொண்டால், “சரி, உனக்குப் பதிலா யாரு?” என்பதுதான் அவன் கேட்கும் ஒரே கேள்வி. எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர். தலை குறைந்தால் ஆளுக்கு விழும் பங்கு ஏறிவிடும். அப்படித்தான் ஒவ்வொரு பயணத்திலும் யாருக்கும் தெரியாத ஒரு மச்சினனோ பக்கத்து வீட்டுக்காரனோ நம்மோடு வந்து சேர்ந்திருப்பான். அவன் ஆட்டுக் கணக்கா எருமைக் கணக்கா என்பது சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும்.

மதியத்துக்கு மேல் அரண்மனை. இங்கே சிந்தாமணியின் முகம் கொஞ்சம் சுருங்கும். நாயக்கர் கட்டி மராட்டியர் விரிவாக்கிய வளாகம் அது. ஒரே டிக்கெட்டில் எல்லாம் முடிந்துவிடாது. கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் மட்டும் அவன் வாய் அடைத்து நிற்பான். வெளியே வந்து கொஞ்ச நேரம் கழித்து, “இது வொர்த்துடா” என்பான். அவன் வாயிலிருந்து இந்தச் சொல் வருவது அபூர்வம், குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் கும்பகோணம், அங்கிருந்து தாராசுரம். அங்குள்ள கோயில் இரண்டாம் இராஜராஜன் கட்டியது. சிற்பங்களைப் பார்க்க ஒரு நாள் போதாது. ஆனால் ஒரு தடவை அந்த நாலு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்பதில்தான் குழுவுக்குள் போர் மூண்டது. ஆட்டோ அவனுக்கு ஆகாது. டவுன் பஸ். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. குழுவில் இரண்டு தோழிகள். ஆறு டிக்கெட் வாங்கிவிட்டு, மொத்தச் செலவை எட்டால் வகுத்துவிட்டான்.

“எங்களுக்கு எதுக்குப் பங்கு?” என்றாள் ஒருத்தி.

“பொதுச் செலவு எல்லாமே எட்டாலதான்.”

“கவர்மெண்டே எங்ககிட்ட காசு வேணாம்னு சொல்லிடுச்சு. கேக்குறதுக்கு நீ யாருடா?”

சிந்தாமணி பதிலில்லாமல் வாயடைத்துப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். தாராசுரம் வரும் வரை யோசித்தான். இறங்கும்போது ஷீட்டில் பேருந்துக்கென்று தனிப் பத்தி போட்டு ஆறால் வகுத்திருந்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வேன் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால், ‘அடுத்த தடவை’ என்ற வரிசையில் அது பத்திரமாகப் போய் உட்கார்ந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் எல்லாருடைய செல்போனிலும் கணக்கு வந்து விழும். டிக்கெட், சாப்பாடு, செருப்பு வைத்த காசு, இரண்டு பேர் மட்டும் குடித்த இரண்டாவது டிகிரி காபி, அதை யார் குடித்தார் என்ற அடைப்புக்குறி எல்லாம் இருக்கும். கூட்டினால் ஒரு பைசா பிசகாது. அவன் தன் பெயரில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துப் போட்டிருக்க மாட்டான். டிக்கெட்டுக்காகக் காலை 8 மணிக்குக் காத்திருந்ததற்கும், எல்லார் வீட்டுக்கும் போன் போட்டதற்கும் கூலியும் எழுதியிருக்க மாட்டான். அந்தப் பத்தி அவன் ஷீட்டில் எப்போதும் கிடையாது.

ரோம் போகலாம் என்று சொன்ன நண்பர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பெரிய கோயிலை நேரில் பார்த்தவர்கள் எல்லாம் சிந்தாமணியைத் திட்டிக்கொண்டே அவனோடு போனவர்கள்தான். உங்கள் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். அவனுக்கு நீங்கள் தர வேண்டிய 43 ரூபாய் போன பயணத்திலிருந்து பாக்கி இருக்கிறது. அவன் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டான். தயவுசெய்து இன்றைக்கே ஜிபே செய்துவிடுங்கள்.