ஓ.எம்.மும் முன்னாள் குமரியும்

மொட்டை மாடியில் இருபது மீட்டர் நீளத்துக்குக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, அதில் புடவை உலர்த்தக் கூடாது என்று மனைவியிடம் மல்லுக்கு நிற்பவர் எவரோ, அவர் ஹாம் ரேடியோக்காரர்; அதாவது, பொழுதுபோக்காக வானலையில் ஊர் உலகத்தோடு பேசுபவர். 7 மெகாஹெர்ட்ஸில் பேசக் கம்பி அவ்வளவு நீளம் வேண்டும். ஈரப் புடவை தொங்கினால் ஜப்பான்காரன் காதில் விழாது என்பது அவர் கட்சி. ஜப்பான்காரனுக்கு அப்படி என்ன அவசரச் செய்தி என்று அம்மாள் கேட்பதும் நியாயம்தான். "இங்கே வெயில், அங்கே எப்படி?" என்பதுதான் செய்தி.

ஹாம் உலகத்தில் நம்மவர் பெயர் ஓ.எம்., அதாவது 'ஓல்ட் மேன்'. பன்னிரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கிய பொடியனும் அங்கே கிழவர்தான். பெண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மைக்கைப் பிடித்த பெண் யாரானாலும் ஒய்.எல்., 'யங் லேடி'. எண்பது வயதுப் பாட்டியும் குமரி. ஆனால் ஹாமுக்குக் கழுத்தை நீட்டினாளோ, தாலி ஏறிய கையோடு எக்ஸ்.ஒய்.எல். ஆகிவிடுவாள்: முன்னாள் குமரி. முன்னாள் எம்.எல்.ஏ.வுக்காவது பென்ஷன் உண்டு. பிள்ளைகளுக்குப் பெயர் 'ஹார்மோனிக்ஸ்'. மூல அலைவரிசையின் மடங்குகளில், வேண்டாத இடத்தில் எல்லாம் தலைகாட்டும் சமாச்சாரம் அது. பொருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓ.எம். ரேடியோ அறைக்குள் புகுந்துகொள்வார். கல்யாணப் படம் இருந்த சுவரில் இப்போது, பேசியதை உறுதிசெய்து மற்ற ஹாம்கள் அனுப்பும் க்யூ.எஸ்.எல். அட்டைகள். "ஏங்க, காப்பி ஆறுது!" என்று குரல் வந்ததும், மைக்கில் "க்யூ.ஆர்.எம்., கொஞ்சம் பொறுங்கள்" என்பார். இடி மின்னலால் வரும் இரைச்சல் க்யூ.ஆர்.என்.; மனிதரால் வரும் இடையூறு க்யூ.ஆர்.எம். இடிக்கு அவர் இவ்வளவு சலித்துக்கொள்வதில்லை.

விடைபெறும்போது ஆண்களுக்கு 73, வணக்கம் என்று அர்த்தம். ரஷ்யாவிலிருந்து ஒரு ஒய்.எல். வந்துவிட்டாலோ குரல் குழைந்து 88 வரும்.

"அதென்னங்க எண்பத்தெட்டு?"

"வெயில்தான். ஃபாரன்ஹீட்டில் சொன்னேன்."

88 என்றால் அன்பும் முத்தமும். கட்டிய மனைவிக்கு ஒரு நாளும் அனுப்பியிருக்க மாட்டார்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1939-இல் அமெரிக்காவில் எத்தல் ஸ்மித் தொடங்கிய பெண் ஹாம் சங்கம், பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொள்ள 33 என்று தனி எண்ணே வைத்துக்கொண்டது. ஓ.எம்.களுக்கு அதில் இடமில்லை. இங்கேயும் 2004 சுனாமி அந்தமானைப் புரட்டிப்போட்டபோது, ஹாம் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தான் சேதிகளை வெளியே அனுப்பினார். ஹாம் அழைப்புக்குறியில் ராஜீவ் காந்தி வி.யூ.2.ஆர்.ஜி. என்றால், சோனியா வி.யூ.2.எஸ்.ஓ.என். அந்த வீட்டில் யார் யாருக்கு க்யூ.ஆர்.எம். என்று சொல்வது கஷ்டம்.

ஆகவே ஹாம் மனைவிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு ஹாம் தேர்வுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தெரிய வேண்டியதில்லை. எழுதி லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். மறுபடியும் குமரி ஆகலாம். காப்பியை அவர் போடட்டும்.