ஆமை வீட்டுக்குள் அமீனா

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதில் பாதி பச்சைப் பொய். ஆமை இதுவரை யார் வீட்டையும் ஜப்தி செய்ததில்லை. அண்டாவையும் குண்டாவையும் தெருவில் தூக்கிப் போட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ராத்திரியில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்கு மணல் கேட்கிறது. நூறு முட்டையை வைத்து மூடிவிட்டுப் போகிறது. ஐம்பது நாள் சுமாரில் குஞ்சுகள் காலி செய்துவிடுகின்றன. வாடகை பாக்கி கிடையாது. உண்மையில் புகுந்தவன் அமீனா. புகுந்தது ஆமையின் வீட்டுக்குள்.

நம்பிக்கை இல்லையென்றால் பொங்கல் கழிந்து கடலூர்ப் பக்கம் வாருங்கள். தாழங்குடா, தேவனாம்பட்டினம், சோத்திக்குப்பம், எங்கே வேண்டுமானாலும். விடிகாலையில் நடக்கும்போது மூக்கு முதலில் சொல்லும். பிறகு காக்கை சொல்லும். கிட்டே போனால் இரண்டடி நீள ஓடு, குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். பங்குனி ஆமை. பங்குனிவாக்கில் முட்டையிட வரும் என்பதால் அந்தப் பெயர். இது தை மாதத்திலேயே வந்துவிட்டது, பிணமாக. கண் இரண்டும் பிதுங்கியிருக்கும். கழுத்து வீங்கியிருக்கும். தண்ணீரில் வாழும் பிராணி, தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறது.

வேடிக்கை இல்லை. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். அவ்வப்போது மேலே வந்து மூச்சிழுத்தாக வேண்டும். மணிக்கணக்கில் கடல் தரையைச் சுரண்டிப் போகும் இழுவைமடி வலைக்குள் மாட்டினால் மேலே வர வழி கிடையாது. பிறகு ஒருநாள் கடல் அதைக் கரையில் கொண்டுவந்து போடுகிறது. கடலுக்குத் தெரிந்த ஒரே புகார் மனு அதுதான்.

மனுவை யார் வாங்குவது? இங்கேதான் நம்முடைய நிர்வாகத் திறமை சுடர்விடும். கட்டுமரக்காரர் சொல்வார்: "நம்ம வலை இல்ல சார், போட்டுக்காரன் வேலை." விசைப்படகுக்காரர் சொல்வார்: "நம்ம ஊர் போட்டு இல்ல சார், வெளியூர் போட்டு." வெளியூர்க்காரரைக் கேட்டால் அவருக்கும் ஒரு வெளியூர் இருக்கும். அலுவலகப் பக்கம் போனால் படகு ஒரு துறைக்கு, ஆமை இன்னொரு துறைக்கு, ரோந்துக் கப்பல் மூன்றாவது துறைக்கு. பிணத்தை மட்டும் ஊராட்சி புதைக்க வேண்டும்.

சட்டம் இல்லையா? ஏன் இல்லை, ஏராளமாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணை. புலிக்குச் சமமான அந்தஸ்து. ஆமையைக் கொன்றால் சிறை. முட்டையிடும் மாதங்களில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது. மடியில் ஆமை விலக்குக் கருவி பொருத்த வேண்டும். காகிதத்தில் ஆமைக்கு இருக்கும் பாதுகாப்பு, இந்த நாட்டில் பல முன்னாள் அமைச்சர்களுக்கே கிடையாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆயிரம் புலி ஒரே மாதத்தில் செத்திருந்தால் நாடாளுமன்றம் நடந்திருக்குமா?

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று உண்டு. 61 நாள். ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பங்குனி முடிந்து சித்திரை பிறந்த பிறகுதான் கடல் ஓய்கிறது. சாவுக்கு வராமல் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சரியாக வந்து உட்காரும் சொந்தக்காரரைப் பார்த்திருப்பீர்கள்.

விலக்குக் கருவியின் கதை அதைவிடச் சுவை. கம்பி அடைத்த ஒரு சட்டம், மேலே ஒரு திறப்பு. இறால் கம்பி இடுக்கில் புகுந்து உள்ளே போகும், ஆமை முட்டித் திறப்பு வழியாக வெளியே போகும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடியே வடிவமைத்துக் கொடுத்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் யாரும் சீண்டவில்லை. 2019-இல் அமெரிக்காக்காரன், ஆமையைக் கொல்லும் மடியில் பிடித்த இந்தியக் கடல் இறால் எனக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்தினான். அன்றைக்குத்தான் டெல்லியில் சிலருக்கு ஆமையின் மேல் பாசம் பொங்கியது. ஆமை செத்தபோது யாருக்கும் கண் கலங்கவில்லை. டாலர் நின்றது, கண்ணீர் வந்தது.

ஆனால் விழா மட்டும் தவறாமல் நடக்கிறது. மார்ச் மாதத்தில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். இதில் பாவம், ராத்திரி முழுக்க டார்ச் அடித்து முட்டை பொறுக்கும் காவலர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்மையிலேயே உழைக்கிறார்கள். விடிந்ததும் வெள்ளைக் காரில் வருகிறவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவு குஞ்சை உயரத் தூக்கிக் கேமராவைப் பார்க்கிறார்கள். குஞ்சு கடலைப் பார்க்கிறது. ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பது கணக்கு. அந்த ஒன்று பத்து, பதினைந்து வருஷம் சுறாவுக்கும் புயலுக்கும் தப்பி, பிறந்த கரையைத் தேடி வயிறு நிறைய முட்டையோடு வரும். வாசலில் மடி காத்திருக்கும். முட்டைக்குள் இருக்கும்வரை இசட் பிரிவுப் பாதுகாப்பு. வளர்ந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை.

காட்டின் கதையும் இதேதான். தெற்கே சிதம்பரம் போவோம். அதன் பழைய பெயர் தில்லை. தில்லை என்ற பெயரில் லாட்ஜ் பார்க்கலாம், மருந்துக்கடை பார்க்கலாம், மனைப்பிரிவு பார்க்கலாம். மரம்தான் இல்லை. நடராஜர் கோயிலின் தலமரத்தைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பிச்சாவரத்தில் படகேற வேண்டும். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பார்கள். கோட்டைக்கு எத்தனை குடம் அனுப்பினார்களோ.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகள். எம்.ஜி.ஆர். 'இதயக்கனி'யில் படகு விட்ட அதே வாய்க்கால்கள். சுரபுன்னை, கண்டல், தில்லை, நீர்நாய், நரி, நண்டு, வெளிநாட்டுப் பறவை. இந்த அலையாத்திக் காட்டை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள்வரை பட்டை பட்டையாக, சட்டப்படி, ரசீது போட்டு வெட்டி விற்றது அரசு. வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வடியாமல் உப்பு ஏறியது. அங்கே நாற்று முளைக்கவில்லை. குற்றவாளி யார் என்று தேடினார்கள். மாட்டைப் பிடித்தார்கள். மாடு மேய்ந்ததாலும் கிழவிகள் சுள்ளி பொறுக்கியதாலும் காடு அழிந்தது என்று வெகுகாலம் எழுதி வைத்திருந்தார்கள். 1990-களில் சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தார் வந்து, தேங்கிய நீருக்கு வழி விடுங்கள் என்று மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் காட்டிய பிறகுதான் காடு திரும்ப முளைத்தது. மாட்டிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

2022-இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகத் தரம். சரி. ஆனால் அந்த உலகத் தரக் காட்டைச் சுற்றி இறால் பண்ணை வந்த கதை இருக்கிறதே, அதைச் சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. இடிப்பதற்குப் பதிலாக நம் ஆட்கள் சட்டத்தை இடித்தார்கள். 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன்படி கடலோரத் தடை இறால் பண்ணைக்குப் பொருந்தாது. எப்போதிலிருந்து? 1991-லிருந்து! பதினான்கு வருஷம் பின்னால் போய்க் குற்றத்தையே குற்றமில்லாமல் ஆக்கிவிட்டு, சட்டம் பத்திரமாக டெல்லி திரும்பியது. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பகுதியில், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் வெறுங்கையால் இறால் தடவும் இருளருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? அவர்களுக்காக எந்தச் சட்டமும் பின்னால் நடக்கவில்லை. முன்னாலும் நடக்கவில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி. அந்த ஞாயிற்றுக்கிழமையை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவக் கிராமத்தைத் துடைத்த அலை, தேவனாம்பட்டினத்தில் வீடு புகுந்த அலை, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சோர்ந்து போனது. கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்தவர்கள் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் அதை எழுதினார்கள். அதே அலை நம்மிடம் வருவதற்கு முன் கிரேட் நிகோபாரை அறைந்துவிட்டுத்தான் வந்தது. தீவின் தென்கோடி, இந்திரா முனை, நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து போனது. கலங்கரை விளக்கத்தின் காலடியில் கடல் வந்து நின்றது. ஒரே காலை, இரண்டு கரை, ஒரே பாடம்.

பாடத்தை நன்றாகப் படித்தார்கள். அதே கிரேட் நிகோபாரில் இப்போது துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். ஆரம்ப மதிப்பு 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்குப்படி 9 லட்சத்து 64 ஆயிரம் மரம் விழலாம். துறைமுகம் வரும் இடம் கலாத்தியா விரிகுடா. பங்குனி ஆமைக்குப் பெரியண்ணனான ஏழுவரி ஆமை, அரை டன் உடம்பை இழுத்துக்கொண்டு முட்டையிட ஏறும் கரை அது. 1997-இலிருந்து சரணாலயம். 2021 ஜனவரியில் அதன் அறிவிக்கையை ரத்து செய்தார்கள். அடுத்த சில வாரங்களில் அதே அரசு கடலாமைகளுக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. முக்கியமான முட்டையிடும் கரைகளில் கலாத்தியாவும் இருந்தது! வலது கை வீட்டை ஜப்தி செய்கிறது, இடது கை கிருகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கிறது.

கவலை வேண்டாம், மாற்று ஏற்பாடு உண்டு. ஆமைக்கு லிட்டில் நிகோபாரில் புதுச் சரணாலயம். பிறந்த மணலைத் தேடி மகாசமுத்திரம் கடந்து வரும் ஆமை அரசிதழ் வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். மெகாபோடு என்று ஒரு பறவை, கோழியளவு. மண்ணும் இலையும் குவித்து மேடு கட்டி அந்தச் சூட்டில் முட்டை பொரிக்கும். நிகோபார் தீவுகளை விட்டால் அந்தப் பறவைக்கு வேறு ஊர் கிடையாது. அதற்கு மெஞ்சல் தீவு. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவார்கள், கத்தரி நாற்று மாதிரி. வெட்டுப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடப்போவது எங்கே? ஹரியானாவில். எழுத்துப் பிழை இல்லை. கடலே இல்லாத ஹரியானாவில். நிகோபாரின் நீண்டவால் குரங்கு இனி குருகிராம் மெட்ரோவில் ஏறி, குடும்பத்தோடு இறங்கி, தன் காடு எது என்று விசாரித்துக்கொள்ளலாம். அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஷோம்பென் பழங்குடியினரிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஹரியானாவை எந்தப் பாஷையில் விளக்குவது?

வளர்ச்சி வேண்டாமா என்று கேட்பார்கள். கடலூர்க்காரனிடம் கேட்காதீர்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, உப்பனாற்றைப் பார்த்தோம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழும்பியது, 2011-இல் தானே புயல் வந்து அதை ஒரு ராத்திரியில் தகரக் குவியலாக்கியதையும் பார்த்தோம். பரங்கிப்பேட்டைப் பக்கம் அனல் மின் நிலையம் வந்தது. பக்கத்தில் இருக்கும் ஆலைகளையெல்லாம் சேர்த்தல்லவா பாதிப்பைக் கணக்கிட வேண்டும் என்று 2012-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகே அந்த யோசனை சிலருக்கு வந்தது. எங்களுக்கு வளர்ச்சி புதிதில்லை. நாற்றத்தை வைத்தே எந்த ஆலை என்று சொல்லிவிடுவோம்.

தாழங்குடாக் கரையில் வெயில் ஏறிவிட்டது. கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் மண்வெட்டியோடு வருகிறார். இரண்டாம் முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஓட்டில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அவர் ஆமையைப் புரட்டுகிறார். அடிவயிறு பிளந்து, பிங்பாங் பந்து போல முட்டைகள் மணலில் உருள்கின்றன. அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தோண்டத் தொடங்குகிறார்.

"இன்னும் ஆழமாத் தோண்டலாமே அண்ணே?"

"இதுக்குக் குடுக்கற கூலிக்கு இவ்ளோதான் சார்."

அளந்து பார்த்தேன். ஒன்றரை அடி.