கட்டவும் ஆள் உண்டு, அவுக்கவும் ஆள் உண்டு

மாப்ளே, இளநி சீவச் சொன்னா விரலைச் சீவிக்கிட்டு வந்திருக்கீகளாமே! உங்க ஆத்தா, என் தங்கச்சி, காப்பித்தூளை அப்பியிருக்கா. அது பத்தாதுன்னு உன் பொண்டாட்டி அதுக்கு மேல நூலாம்படையைச் சுருட்டி வச்சிருக்கா. பக்கத்து வீட்டுக்காரன் மண்ணெண்ணெய் எடுக்க ஓடினானாம், நல்லவேளை பாட்டில் காலி. ரத்தம் நின்னுபோச்சு. இப்ப தெரு முழுக்கப் பேரு காப்பித்தூளுக்கு. வேலை பார்த்தவன் ஒருத்தன், மாலை வாங்குனவன் ஒருத்தன். நம்ம பஞ்சாயத்துல இது என்ன புதுசா?

நான் படிச்சவன் இல்லே மாப்ளே. தாலுகா ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குற ரூமு வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்தே ரிட்டயர் ஆனவன். ஆனா உள்ள டாக்டருமாருக பேசிக்கிறதைக் காதுல வாங்குனா சம்பளத்துலயா பிடிக்கப் போறாக? அந்தக் கேள்வி ஞானத்துல சொல்றேன், பிடிச்சுக்க.

கண்மாய்க் கரை உடைஞ்சா என்ன செய்வோம்? மொதல்ல தண்ணி வரத்தைக் குறைப்போம். அப்புறம் கையில கிடைச்ச மூட்டையை எல்லாம் உடைப்புல போடுவோம். மூட்டை மட்டும் நிக்காது. கருவேல முள்ளு, பனையோலை, வைக்கோலுன்னு போட்டு ஒண்ணோட ஒண்ணாப் பின்னுவோம். உன் விரல்லயும் அதேதான் நடந்துச்சு. வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் தானே சுருங்கிக்கிச்சு. அடுத்த நொடி பிளேட்லெட்டுக வந்து விழுந்துச்சு. டெங்கு வந்த வருசம் ஊரே மனப்பாடம் பண்ணுன பேராச்சே, மறந்தா போயிரும்? ஒரு சொட்டு ரத்தத்தை அம்பது பங்கு வச்சா, ஒரு பங்குல மட்டும் ஒண்ணரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் கெடக்கும். எலும்பு மஜ்ஜையில பொறக்குது, 7-லிருந்து 10 நாள்தான் ஆயுசு. குழாயோட உள் வழவழப்பு கிழிஞ்சு, அடியில இருக்குற கொலாஜன் நார் தெரிஞ்சதும் போய் ஒட்டிக்கும். ஒட்டுனது சும்மா இருக்காது, மத்ததையும் கூப்பிடும்.

அதுக்கு மேலதான் பின்னல் வேலை. ரத்தத்துல கரைஞ்சு ஓடுற புரதங்கள் ஒண்ணை ஒண்ணு உசுப்பிவிடும். கடைசியில த்ராம்பின்னு ஒருத்தன் எந்திரிப்பான். அவன் பைப்ரினோஜனை வெட்டி பைப்ரின் நூலாக்குவான். 13-ஆம் நம்பர் ஆளு வந்து நூலுக்கு நூல் முடிச்சுப் போடுவான். ஆமா, இவுகளுக்கெல்லாம் நம்பர் உண்டு. ஆனா 6-ஆம் நம்பர் மட்டும் கிடையாது. தனி ஆளுன்னு நம்பி நம்பரைக் கொடுத்துட்டாக. அப்புறம் பார்த்தா 5-ஆம் நம்பரே வேசம் மாத்தி வந்து நின்னிருக்கான். பேரை அடிச்சுட்டாக. நூறு நாள் வேலை அட்டையில ஒரே ஆளு ரெண்டு பேர்ல இருந்தாரே, அவரு பேரை இன்னும் யாரும் அடிக்கலே.

இதுவரைக்கும் எவனும் சொல்லிருவான். நீ கவனிக்க வேண்டியது அடுத்தது. உடைப்பை அடைச்சவன் பாட்டுக்கு அடைச்சுக்கிட்டே போனா என்ன ஆகும்? வாய்க்காலே மூடிக்கும், கடைமடை காயும். அதுனால அடைக்கிறவனுக்குப் பின்னாலேயே நிறுத்துறவனும் இருக்கான். ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சின்னு பேரு. அது மட்டுமில்லே. ரத்தக்கட்டி உருவாகும்போதே பிளாஸ்மினோஜன்னு ஒருத்தன் உள்ள போய்ப் படுத்துக்குவான், தூங்குற மாதிரி. குழாயோட உள் சுவர்ல இருந்து டிபிஏ-ங்கிற சாவி கசிஞ்சு வந்து அவனை எழுப்பும். எந்திரிச்சா அவன் பேரு பிளாஸ்மின். பின்னுன நூலைத் துண்டு துண்டா நறுக்கிருவான். அந்தத் துண்டைத்தான் டி-டைமர்னு டெஸ்ட் எடுத்து உன்கிட்ட காசு வாங்குறாக.

ஆக, எப்பக் கட்டணும், எப்ப அவுக்கணும்னு உடம்புக்குத் தெரியும். நடுவுல கையை விடுறது யாரு? நீதான் மாப்ளே. பொருக்கு கட்டுன ரெண்டாம் நாளே உக்காந்து பிய்ப்பே. ராத்திரி பூரா பஸ்ஸுல காலைத் தொங்கப் போட்டு, எந்திரிக்காம, தண்ணி குடிக்காம வருவே. கெண்டைக்கால் சதை அசைஞ்சாத்தான் ரத்தம் மேல ஏறும். அசையலேன்னா தேங்கும், தேங்குனா உறையலாம். உறைஞ்சது பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல அடைச்சா ஆளே காலி. தேக்கம், குழாய்க் காயம், ரத்தமே உறையத் துடிக்கிறதுன்னு, ரத்தக்கட்டிக்கு மூணு காரணத்தைச் சேர்த்துச் சொல்றது ஜெர்மனிக்காரர் விர்ஹோ பேரால. ஆபரேசன் முடிஞ்ச மறுநாளே நர்சம்மா எந்திரிச்சு நடங்கன்னு விரட்டுறதும் இதுக்குத்தான். நீ என்னமோ அவுக கட்டிலைப் பிடுங்குற மாதிரி அழுதே.

ரத்தம் உறையாமப் போன ஒரு மாட்டுக் கதை சொல்றேன், உனக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல 1920-கள்ல மாடுக சும்மா சும்மா ரத்தம் ஒழுகிச் செத்துச்சு. கொம்பு சீவுனாக்கூட ரத்தம் நிக்காது. 1933 பிப்ரவரியில விஸ்கான்சின்காரர் எட் கார்ல்சன்னு ஒரு சம்சாரி, பனிப்புயலுக்கு நடுவுல, செத்துப்போன கிடேரியையும் உறையாத ரத்தம் ஒரு பால் கேன் நிறையவும் தூக்கிக்கிட்டு மேடிசனுக்கு வந்தாரு. கால்நடை ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. அந்த ஊர்லயுமா அப்படின்னு கேக்காதே. கடைசியில கார்ல் லிங்க்ங்கிற விஞ்ஞானிகிட்ட போய்ச் சேர்ந்தாரு. பூசணம் பிடிச்ச ஸ்வீட் க்ளோவர் வைக்கோல்தான் வினைன்னு ஏற்கெனவே பேச்சு உண்டு. அதுல இருக்குற எந்தச் சரக்கு ரத்தத்தை உறைய விடாமப் பண்ணுதுன்னு 1939-ல லிங்க் ஆளுக பிரிச்சு எடுத்தாக. ரத்தம் உறைய வைட்டமின் கே வேணும், இந்தச் சரக்கு அது வேலையில குறுக்க நிக்குது. அதோட தம்பி சரக்கு வார்ஃபரினை 1948-ல எலி மருந்தா வித்தாக. 1955-ல அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தப்ப அதையே கொடுத்தாக. எலிக்கு வச்சது ஜனாதிபதிக்கு! அளவுதான் மருந்தையும் விசத்தையும் பிரிக்குது. அந்த மாத்திரை சாப்பிடுற உங்க சித்தப்பாகிட்ட சொல்லு: கீரையிலயும் அந்த வைட்டமின் கே இருக்கு, அதனால ஒரு வாரம் கீரையே கிடையாது, மறுவாரம் மூணு வேளையும் கீரைங்கிற கதை ஆகாது. எப்பவும் ஒரே அளவா இருக்கணும். டீக்கடை பெஞ்சுல கேட்டுட்டு மாத்திரையைத் தானா நிறுத்தவும் கூடாது.

வாய் கோணி, கை விழுந்துச்சுன்னா எண்ணெய் தடவ எவன்கிட்டயும் தூக்கிட்டு ஓடாதீக. மூளையில அடைச்ச கட்டியைக் கரைக்க நான் சொன்ன அந்த டிபிஏ சாவியையே ஊசியாப் போடுறாக. நாலரை மணி நேரத்துக்குள்ள போகணும். அதுக்கும் முன்னால ஸ்கேன் எடுப்பாக, ஏன்னா உள்ள ரத்தம் கசிஞ்சு வந்த வாதத்துக்கு அந்த ஊசியைப் போட்டா ஆளைக் கொன்னுரும்.

நம்பர் போட்ட ஆளுகளைச் சொன்னேன்ல, அதுல ஒருத்தன் இல்லாதவரு கதையும் கேளு. ஜான் ஹேக்மன்னு ஒருத்தர், ரயில்வேயில பிரேக்மேன். அவரு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில விட்டா லேசுல உறையாது, 12-ஆம் நம்பர் அவருக்கு இல்லவே இல்லே. ஆனா வெட்டுப்பட்டா எல்லாரையும் போலத்தான் ரத்தம் நின்னுச்சு. 1968-ல ஒரு விபத்துல அடிபட்டுப் படுத்தவரு எதுல செத்தாரு தெரியுமா? நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு! கண்ணாடி பட்டா உசுப்பேறுறது அந்த 12-ஆம் நம்பர்தான்.

அந்தக் கண்ணாடிக் குழாய்தான் பாம்பு கடிச்ச நம்ம காட்டு ஆளுக்கு ஜாதகம் பார்க்குது. கண்ணாடி விரியன் கடிச்சா என்ன ஆகும்? உடைப்பே இல்லாத இடத்துல எல்லாம் மூட்டையைப் போட வச்சுரும் அந்த விசம். உறைய வைக்கிற 10-ஆம் நம்பரையும் 5-ஆம் நம்பரையும் நேரா உசுப்பிவிடும். இருந்த பைப்ரினோஜன் பூரா வீணாத் தீர்ந்துபோகும். அப்புறம் நெசமாவே ஈறுல, மூத்திரத்துல ரத்தம் வரும்போது கட்ட ஆளே இருக்காது. ஆஸ்பத்திரியில 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாயில ஊத்தி, 20 நிமிசம் ஆட்டாம வச்சுச் சாய்ச்சுப் பார்ப்பாக. பிளாஸ்டிக்குல பார்த்தா கணக்குத் தப்பும். தண்ணியா ஓடுச்சுன்னா விசமுறிவு மருந்து ஏத்தணும். அந்த மருந்து செய்யுற விசத்தைப் பாம்புகிட்ட இருந்து எடுத்துக் கொடுக்குறது வடநெம்மேலியில இருக்குற இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல ஆரம்பிச்சது. நாம பாம்பைக் கண்டாக் கம்பைத் தேடுறோம், அவுக அதைப் பிடிச்சு நம்ம உசுருக்கு மருந்து கொடுக்குறாக. அவுகளுக்கு ஊர்ல என்ன மரியாதைன்னு நான் சொல்லவா வேணும்?

அதனால மாப்ளே, வரப்புல கடி வாங்குனா கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வச்சு உறிஞ்சாதே. எவனாவது கட்டிவிட்டிருந்தா டாக்டர் முன்னாலதான் அவுக்கணும். காலை அசைக்காமப் படுத்துக்கிட்டு 108-க்கு போன் போடச் சொல்லு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. மொதல் குழாய் உறைஞ்சிருச்சுன்னாலும் 24 மணி நேரம் வச்சுப் பார்ப்பாக. நல்லாத்தானே இருக்கேன்னு சட்டையை மாட்டிக்கிட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்கு ஓடி வந்துராதே.