காது கேட்கிறது, பாடம் கேட்கவில்லை

கேள்வி: வீட்டில் என் மகனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. வகுப்பில் மட்டும் டீச்சர் எது சொன்னாலும் "என்னது?" என்கிறான். வீடியோ கேம் ஆடவிட்டே இந்தக் குறையைக் கண்டுபிடிக்கலாமாமே?
- ஒரு தாய், தக்கலை

பதில்: முதல் சல்லடையாகப் பயன்படும், அம்மா. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 'சவுண்ட் ஸ்கவுட்ஸ்' என்ற விளையாட்டு இருக்கிறது. ஹெட்போன் மாட்டிய பிள்ளை, இரைச்சலுக்கு நடுவே வரும் சொல்லைக் கேட்டு, சரியான படத்தைத் தொட வேண்டும். சோதனை என்றால் சிணுங்குகிற பிள்ளை, விளையாட்டு என்றால் இன்னொரு ஆட்டம் கேட்கும்! அமைதியில் தேறி இரைச்சலில் மட்டும் தடுமாறினால், குறை காதில் இல்லாமல், கேட்ட ஒலியை மூளை பிரித்தறிவதில் இருக்கலாம்.

ஆனால் அது ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்தது. தமிழ் பேசி வளரும் பிள்ளையை அதில் எடைபோடாதீர்கள். இந்தக் குறையின் அறிகுறிகளைப் பார்க்க, மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் உருவான 12 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, ஆசிரியரே நிரப்பலாம். முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காதைக் காட்டுங்கள். குறும்பியோ சளியோ அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆடிச் சாரலில் தகரக் கூரை தடதடக்கும் வகுப்பில் யாருக்குத்தான் பாடம் தெளிவாகக் கேட்கும்? நாளைக்கே டீச்சரிடம் சொல்லி அவனை முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள். 'கவனமில்லாத பய' என்று மட்டும் திட்டிவிடாதீர்கள்.