சட்டமும் ஆணியும்: அரசு அலுவலகச் சுவர்ப் படங்கள் பற்றி ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழில் ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கோட்டையில் இயற்றுவது. மற்றது நாலு கட்டையை மூலை சேர்த்து அடித்து, கண்ணாடி போட்டு, ஆணியில் மாட்டுவது. இரண்டிலும் உள்ளே இருப்பது அவ்வப்போது மாறும், வெளிக்கட்டு மட்டும் அப்படியே நிற்கும் என்பதால் முன்னோர் ஒரே பெயர் வைத்திருக்கலாம். சொல்லாராய்ச்சிப் புலவர்கள் இந்த இடத்தை எனக்காக விட்டுவைத்தது அவர்கள் பெருந்தன்மை. வருவாய்த் துறையில் முப்பத்தோரு ஆண்டு குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியோடு ஆய்வைத் தொடங்குகிறேன்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது, எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்ய மூவர் குழு ஒன்று போட்டார்கள். அன்றைக்கு நான் விடுப்பில் இருந்ததால் என்னையே தலைவராக்கிவிட்டார்கள். யார் யார் படத்தை வைக்கலாம் என்பதற்குத்தான் அரசாணை இருக்கிறதே, குழுவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அரசாணை முகத்தைச் சொல்லும், ஆணியைச் சொல்லாது. யார் பக்கத்தில் யார், யார் தலைக்கு மேல் மின்விசிறி, யார் முகத்தில் குழல்விளக்கு பளீரென்று அடிக்கிறது என்பதெல்லாம் ‘அலுவலக அளவில் முடிவு செய்துகொள்ள வேண்டியவை’. அலுவலக அளவு என்றால் டபேதார்.

ஆய்வு முறைப்படி மூத்த முன்னுதாரணத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் சட்டமன்றத்தில் முதலில் இடம்பிடித்த படம் ராஜாஜியுடையது. 1948 ஜூலையில் நேரு திறந்துவைத்தார். அடுத்த மாதம் காந்தி படம். அதைத் திறந்தவர் ராஜாஜி. அதாவது, மறைந்த மகாத்மாவுக்கு ஒரு மாதம் முன்பே, திடகாத்திரமாக இருந்த கவர்னர் ஜெனரல் சுவருக்குப் போய்விட்டார். படமாகத் தொங்கிக்கொண்டே இன்னொரு படத்துக்குத் திரை விலக்கிய சாதனை இது. ஆளாகவும் படமாகவும் ஒரே சமயத்தில் இருப்பதை ‘ஈரிட இருப்பு’ என்று இந்த ஆய்வு பெயரிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பவர்களையும் இதே வகையில் சேர்க்கலாம்.

2021-ல் கலைஞர் படம் திறக்கப்பட்டபோது அங்கே கணக்கு 16 ஆனது. அதில் பெண் ஒரே ஒருவர், ஜெயலலிதா. 2018 பிப்ரவரியில் திறந்த அந்தப் படம் ஏழடி உயரம், ஐந்தடி அகலம். எதிர்க்கட்சிகள் விழாவுக்கு வரவில்லை. அதே மாதம் அவருடைய கட்சி அலுவலகத்தில் ஒரு சிலையும் திறந்தார்கள். முகச்சாயல் இல்லை என்று ஊரே பேச, நவம்பரில் வேறு சிலை வந்தது. இங்கேதான் நம் துறையின் மையச் சிக்கல் இருக்கிறது. படத்தைப் பார்க்கிறவர் ஒவ்வொருவரும் அசலைப் பார்த்திருந்தால், ஓவியருக்கு மோட்சம் கிடையாது. மூக்கு சற்றுப் பருத்தாலும் கேள்வி வரும்.

இந்தச் சிக்கலுக்கு இதுவரை ஒரே ஒரு தீர்வுதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது: யாரும் பார்த்திராதவரை வரைவது.

கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் திருவள்ளுவர் 1960-ல் அஞ்சல் தலைக்குப் போனார். 1964-ல் ஜாகிர் உசேன் கையால் சட்டமன்றத்துக்குள் வந்தார். அரசு அலுவலகம் தோறும் அவர் படம் இருக்க வேண்டும் என்று 1967-ல் ஆணை பிறந்தது. அதற்கு முன்னும் வள்ளுவருக்கு உருவங்கள் உண்டு. எல்லிஸ் துரை காலத்துத் தங்கக் காசில் குடைக்குக் கீழே துறவியாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வென்றது சர்மாவின் வள்ளுவரே. வரைந்ததைவிட வரையாமல் விட்டதில் இருக்கிறது அவர் திறமை. நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, மார்பில் ஒன்றும் இல்லை. எந்தத் தரப்பும் ‘எங்கள் ஆள் இல்லை’ என்று எழுதிக்கொடுக்க முடியாதபடி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் தாடி, கொண்டை, வெள்ளைத் துணி, ஓலை, எழுத்தாணி மட்டும் மிஞ்சின. இப்படி ஒரு குறிப்பை எழுத எங்கள் பிரிவில் எத்தனையோ பேர் முயன்று தோற்றிருக்கிறார்கள். தவிர, படத்தை உற்றுப் பாருங்கள். எழுத்தாணி கையில் இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கவில்லை. கோப்பு நிலுவையில் இருப்பதை அறிந்தும் அமைதி குலையாத முகம். அலுவலகத்துக்கு இதைவிடப் பொருத்தமாக இன்னொரு முகம் அமையாது.

2019-ல் ஒரு கட்சி அவருக்குக் காவி கட்டிப் படம் வெளியிட்டபோது பெரிய சண்டை மூண்டது. முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. துணியின் நிறம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து, மாலைக் கோட்பாடு. நம் ஊரில் படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை மாலைதான் சொல்லும். சந்தனச் சீவல் மாலை விழுந்தால் முடிந்தது கதை. எங்கள் பழைய கட்டடத்தில் டபேதார் ஒரு முறை காந்தி ஜெயந்திக்கு வாங்கிய மாலைகளில் ஒன்று மிஞ்சியது என்று, வீணாக்க மனமில்லாமல், பக்கத்துப் படத்துக்குப் போட்டுவிட்டார். பக்கத்துப் படம் பதவியில் இருந்த முதலமைச்சர். ஆய்வுக்கு வந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி நிமிர்ந்து பார்த்தார். அந்த மூன்று விநாடியில் எத்தனை பேருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் இந்தத் துறையை யாரும் முடிக்க முடியாது. அலுவலகச் சுவர்களிலிருந்து சாமி படங்களைப் படிப்படியாக எடுக்கச் சொல்லி 1968-ல், அண்ணா ஆட்சியில், சுற்றறிக்கை வந்தது. படங்கள் சுவரைவிட்டு இறங்கியது உண்மை. இறங்கி எங்கே போயின என்று பார்க்க வேண்டுமானால், எந்த அலுவலகத்திலும் பீரோவைத் திறந்து கதவின் உட்புறம் பாருங்கள். எங்கள் பீரோவில் முருகன் இருக்கிறார், கீழே ஒரு பல்லித் தடம், பக்கத்தில் சாவி எண் எழுதிய சீட்டு. பூஜையன்று டபேதார் கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு கிளம்பி, தட்டச்சுப் பொறி, முத்திரைக் கட்டை, கணினி, ஜீப் என்று பாரபட்சம் இல்லாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, அதே வேகத்தில் சுவர்ப் படங்களையும் முடித்துவிடுவார். பெரியார் படக் கண்ணாடியிலும் நெற்றிக்கு நேராக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். “அண்ணே, அவருக்கு வேண்டாம்ணே” என்றேன். “வருஷத்துக்கு ஒரு நாள் சார், பெரியவர் கோவிச்சுக்க மாட்டார்” என்றார். மறுநாள் காலை ஈரத்துணியோடு வந்து துடைத்தவரும் அவர்தான், பெரியாரை முதலில்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் பதவியில் இருப்பவர் முகத்தை மறைத்தாக வேண்டும். தேசத் தலைவர்கள், கவிஞர்கள், வரலாற்றுப் பெருமக்கள், குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோர் படங்களுக்கு நடத்தை விதிகளில் விலக்கு உண்டு. பட்டியலில் கவிஞர்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அரசியலில் இருப்பவர்கள் முன்னெச்சரிக்கையாக ஒரு கவிதைத் தொகுப்பு போட்டுவைப்பது நல்லது. தமிழ்நாட்டில் பலர் போட்டும் இருக்கிறார்கள். போன முறை நாங்கள் பழைய நாளிதழைக் கிழித்து, பசை தடவி, முதலமைச்சர் படத்தை மூடினோம். மாலையில் பார்த்தால் அந்தத் தாளில் முழுப் பக்க அரசு விளம்பரம், அதிலும் அதே முகம், முன்னைவிடப் பெரிதாக. அதன்மேல் விளையாட்டுச் செய்திப் பக்கத்தை ஒட்டினோம்.

குழு நான்கு முறை கூடியது. அகர வரிசையா, பிறந்த ஆண்டு வரிசையா, உயர வரிசையா என்று விவாதித்து, எந்த வரிசை வைத்தாலும் யாராவது ஒருவர் கழிப்பறைக் கதவுக்கு மேல் வருகிறார் என்று கண்டோம். கடைசியில் கழிப்பறைக்கு நேரே நாள்காட்டி என்று ஒருமனதாக முடிவானது. இருப்புப் பதிவேட்டில் படங்களுக்குப் புது எண் கொடுத்தோம். சில்லறைச் செலவினத்தில் ஆணி வாங்க அனுமதியும் வந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் டபேதார் ஏணி போட்டு ஏறி முதல் ஆணியை அடித்தார். இரண்டாவது அடியில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. சுவர் இல்லை சார், அட்டை என்றார். தட்டிப் பார்த்தேன், ஜிப்சம் பலகை, உள்ளே வெறும் காற்று. நாலா பக்கமும் அப்படியே.

இப்போது எல்லாரும் பீரோ தலைமேல் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், சறுக்காமல் இருக்க முன்னால் ஒரு கோப்புக் கட்டு. காலையில் பீரோவைத் திறக்கும்போது மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மேலே பெரியார் ஆடுவார், உள்ளே முருகனும் ஆடுவார்.